காவலூர், மாசிக் கடைசி

மார்ச் 5, செவ்வாய்

மூன்றரைக்கு வந்து சேர்ந்தேன். ரயில் தாமதம். வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வரை நின்றுகொண்டே. மலை ஏறும்போது குமட்டல். ஜன்னலோரப் பாட்டி மடியில் புளி மூட்டை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். குமட்டல் நின்றது. கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது.

அக்கா அப்சர்வேட்டரி கேட்டில் நின்றிருந்தாள். இளைத்துவிட்டாள். "தீசிஸ் எழுதத்தானே வந்தே, பகல்ல எழுது. ராத்திரி எனக்குத் துணைக்கு இரு, போதும்." சரி என்றேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

காடு காய்ந்து கிடக்கிறது. கால் வைக்கும் இடமெல்லாம் சருகு. தெற்கே எங்கோ புகை.

சிக்னல் கேட்டுக்குப் பக்கத்துப் பாறையில் மட்டும். அம்மா: "அப்ப நீ மலைக்கு அந்தப் பக்கமா கீறே?" ஆமாம். போளூர் மொட்டைமாடியில் வடாம் காயப்போடும்போது தெரியுமே, அதே ஜவ்வாது. பிறந்ததிலிருந்து முன்பக்கம் மட்டும் பார்த்திருக்கிறேன். கண் ஆபரேஷன் 14, வியாழன். 13 ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்றேன். "வர்றேன்னு சொல்றே, பார்க்கலாம்."

டிரெஸ்டனில் இருந்து வந்த அழைப்பு பற்றி வாய் திறக்கவில்லை. பதில் சொல்ல 15 கடைசி நாள்.

மார்ச் 6, புதன்

காலை பதினொன்று. தூங்கி எழுந்து தலை பாரம். ராத்திரி முழுக்க மெல்லிய மேகம். நட்சத்திரம் தெரியும், ஆனால் ஒளி ஏறி இறங்கியது. அக்கா இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இரண்டையும் திட்டினாள்.

அவள் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது. 5.46939 நாள். கோர் கரோலி நட்சத்திரம் தன்னைத் தானே ஒருமுறை சுற்ற ஆகும் காலம். அதன் மேற்பரப்பில் உள்ள யூரோப்பியம் திட்டு நம் பக்கம் நேராகத் திரும்பும் நேரங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள். ஒன்று இன்று மாலை ஆறு மணி: பகல், வீண். அடுத்தது 12ஆம் தேதி காலை ஐந்து இருபது. அதற்கடுத்து 17 மாலை. மறுபடியும் பகல், அக்காவின் இரவுகளும் அதற்குள் முடிந்துவிடும். ஆக ஒரே ஒரு விடியல். அதுவும் வானம் வெளுக்க ஆரம்பித்தபின்.

அந்த எண்ணை 1932இல் ஃபார்ன்ஸ்வொர்த் கணக்கிட்டார். தொடக்கப்புள்ளி 1913 ஏப்ரல். ஆயிரக்கணக்கான சுற்று ஓடிய பின்னும் அதே சூத்திரத்தைத்தான் போடுகிறார்கள். எனக்குப் பொறாமை. என் சாம்பிள் ஒரு வாரம் தள்ளி அளந்தால் வேறு எண் தருகிறது.

மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து வடகிழக்கைப் பார்த்தேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். அது அப்போது அடிவானத்துக்குக் கீழே. சும்மா பார்த்தேன்.

பல்லுக்குக் கிராம்பு. மெஸ்ஸில் கேட்டதும் கை நிறையக் கொடுத்தார்கள்.

மார்ச் 7, வியாழன்

முழு மேகம். டோம் திறக்கவில்லை. அக்கா தூங்கப் போய்விட்டாள். நான் எழுதினேன். எழுதினேன் என்றால், முதல் பத்தியை அழித்து மறுபடி எழுதினேன்.

முன்னுரையில் ஜெயராமன் வர வேண்டும். 1970. சமாரியம் சல்ஃபைடு. கறுப்பாக இருக்கும். ஆறரை கிலோபார் அழுத்தம் கொடுத்தால் பொன்னிறமாகிவிடும். சமாரியத்தின் உள் எலக்ட்ரான் ஒன்று வெளியே வந்து எல்லோருக்கும் பொதுவாகிறது, கல் உலோகமாகிறது. ஜெயராமன் பெங்களூரில் சி.வி. ராமனிடம் இருந்தவர். பிறகு பெல் லேப்ஸ். அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது "நெஜத் தங்கமா?" என்றாள். இல்லைம்மா, நிறம்தான். "அப்ப எதுக்கு?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த அத்தியாயம். பதில் இன்னும் வரவில்லை.

பிறகு 1981. பம்பாய் டி.ஐ.எஃப்.ஆர். சம்பத்குமாரன், குப்தா, விஜயராகவன், இன்னும் சிலர். யூரோப்பியம் பல்லேடியம் சிலிசைடு. அறை வெப்பத்தில் யூரோப்பியம் இரண்டு-ப்ளஸ்ஸுக்குப் பக்கத்தில். குளிர்வித்துக்கொண்டே போனால் 150 கெல்வினை ஒட்டி சட்டென்று மூன்று-ப்ளஸ் பக்கம் சாய்கிறது. காந்த ஏற்புத்திறன் விழுகிறது. படிகம் சுருங்குகிறது. பம்பாயில் இருந்தே செய்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இரண்டு-ப்ளஸ்ஸில் எஃப் எலக்ட்ரான் ஏழு. ஏழும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். 7.94 போர் மேக்னட்டான். அசல் காந்தம். மூன்று-ப்ளஸ்ஸில் ஆறு. ஸ்பின் மூன்று, ஆர்பிட்டல் மூன்று, இரண்டும் எதிரெதிர், மொத்தம் பூஜ்யம். ஒரே ஒரு எலக்ட்ரான் போனதும் காந்தமே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இந்த இடம் அலுக்கவில்லை. மற்றதெல்லாம் அலுத்துவிட்டது.

69 கெல்வினில் என் வரைபடத்தில் ஒரு மேடு. யூரோப்பியம் ஆக்சைடு. அது 69இல் ஃபெர்ரோ காந்தமாகும். துளி இருந்தால் போதும், ஸ்க்விட் காட்டிக்கொடுத்துவிடும். ரெஃப்ரீ கேட்டிருக்கிறார். என்ன சொல்ல? காற்று பட்டது. யூரோப்பியத்தை எண்ணெயில் போட்டு வைத்தாலும், க்ளவ் பாக்ஸில் வெட்டினாலும், காற்று பட்டுவிடுகிறது.

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. கீழே ஊரில் மேளம் விடிய விடிய. டெலஸ்கோப் இயக்கும் அண்ணன் விரதம். வாழைப்பழமும் தண்ணீரும் மட்டும். "மத்தவங்களுக்கு வருஷத்துல ஒரு நாள். நமக்கு மானம் தெளிவா இருந்தா டெய்லி சிவராத்திரிதாம்மா." வானத்தை மானம் என்றுதான் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பேச்சு. காதுக்கு இதமாக இருந்தது.

தெளிந்தது! பதினொன்றுக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. 2.34 மீட்டர் கண்ணாடி திரும்பும்போது தரை லேசாக அதிர்வது காலுக்குத் தெரியும். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்தது. வானியலாளர் பாப்பு அதைப் பார்க்கவில்லை, 82இலேயே போய்விட்டார். அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

வெளிச்சம் மேலே பிரைம் ஃபோகஸில் ஃபைபருக்குள் இறங்கி, தூரத்து அறையில் இருக்கும் எஷல் ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கு வருகிறது. நாங்கள் பார்ப்பது திரையில் சாய்ந்த கோடுகள் மட்டும். நான் எதிர்பார்த்தது அழகு. கிடைத்தது எண்கள். பரவாயில்லை, இது பழகிய உலகம்தான்.

4129.7 ஆங்ஸ்ட்ரம். அக்கா விரலால் காட்டினாள். மெலிந்த கோடு. இந்தக் கோட்டைத்தான் 1913இல் பெலபோல்ஸ்கி புல்கோவாவில் இருந்து பார்த்தார். கூடுகிறது, குறைகிறது, இடமும் லேசாக நகர்கிறது. யூரோப்பியம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. இப்போது திட்டு முக்கால்வாசி மறுபக்கம் போய்விட்டது. அதனால் மெலிவு.

இரண்டு மணிக்கு டீ. அக்கா கேட்டாள், டிரெஸ்டனுக்கு என்ன பதில் எழுதினேன் என்று. எழுதவில்லை என்றேன். அவள் சிரித்து, "உன் சாம்பிள் மாதிரியே நீயும். ரெண்டும் இல்ல, மூணும் இல்ல."

சுரீர் என்றது. அரை மணி நேரம் பேசவில்லை.

அவள் தப்பாகச் சொன்னாள். பாதி அணு இரண்டு, பாதி அணு மூன்று என்றால் மாஸ்பவரில் இரண்டு கோடு வர வேண்டும். யூரோப்பியம் சல்ஃபைடு ஒன்று இருக்கிறது, மூன்றுக்கு நான்கு. அதைக் குளிர்வித்தால் இரண்டு கோடு பிரிந்து நிற்கும். எலக்ட்ரான் இந்த அணுவில் கொஞ்ச நேரம், அந்த அணுவில் கொஞ்ச நேரம். என்னுடையது அப்படி இல்லை. ஒரே கோடு. மைனஸ் பதினொன்றிலும் இல்லை, பூஜ்யத்திலும் இல்லை, நடுவில் ஓரிடத்தில். ஒவ்வொரு அணுவும் அதே நிலை. ஊசலாட்டம் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அல்பம்.

மார்ச் 9, சனி

நான்கு மணி நேரத் தூக்கம். பல் வீங்கியிருக்கிறது. ஈறை நாக்கால் தொட்டுக்கொண்டே இருக்கிறேன், தொட்டால் வலிக்கிறது, தொடாமல் இருக்க முடியவில்லை.

பார்வையாளர் நாள். ஆலங்காயம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். அக்கா தூங்கியதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வானியல் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு பெண், ஏழாவது இருக்கும்: "மிஸ், நட்சத்திரத்துல காந்தம் இருக்குன்னீங்க. காந்தத்தைச் சூடு பண்ணா போயிடும்னு எங்க சார் சொன்னாரே?"

சபாஷ். அசந்துவிட்டேன். நட்சத்திரத்தில் இருப்பது காந்தக் கட்டி இல்லை, மின்னோட்டம் ஓடும் வாயுவில் சிக்கி நிற்கும் புலம் என்றேன். இங்கே நாம் நிற்கும் இடத்தில் பூமியின் புலம் அரை காஸ் கூட இல்லை. அந்த நட்சத்திரத்தில் ஆயிரக்கணக்கில். பாப்காக் கண்டுபிடித்த இன்னொன்றில் முப்பத்து நாலாயிரம். "அப்ப நம்ம கொலுசெல்லாம் இழுக்குமா?" வெள்ளியை இழுக்காது என்றேன். சிரிப்பு. அவளுக்குத் திருப்தி இல்லை. முகத்தில் தெரிந்தது.

பிறகுதான் தோன்றியது, அவளிடம் சொல்லாமல் விட்டது. அங்கே யூரோப்பியத்துக்கும் காந்தத்துக்கும் உறவு என் கல்லில் உள்ளதற்கு நேர் தலைகீழ். என் கல்லில் காந்தம் யூரோப்பியத்தின் சொந்தச் சொத்து. அங்கே அது வெறும் பயணி. மேல்வளிமண்டலம் கலங்காமல் நிற்பதால் கீழிருந்து வரும் ஒளி சில அணுக்களை மேலே தள்ளுகிறது, கனமானவை மூழ்காமல் மிதக்கின்றன. மிஷோ 1970இல் சொன்ன கணக்கு. புலம் அவற்றைத் திட்டுத் திட்டாக ஒதுக்குகிறது. சூரியனில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு யூரோப்பியம் அந்தத் திட்டில். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி உப்பு ஒதுங்குவதுபோல.

அம்மாவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. நான்காவது முறை: "கோயில்ல இருந்தேன், இப்ப என்ன அவசரம்?"

இரவு தெளிவு, ஆனால் புகை. காட்டுத்தீ எங்கோ எரிகிறது. அடிவானத்தில் ஒரு சிவந்த கீற்று, ஊர் வெளிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு "தூரம்தான்" என்றார். கண்ணாடியில் சாம்பல் படியுமோ என்று அக்காவுக்குப் பயம். ஒரு மணிக்கு மூடினார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

மாசி அமாவாசை. போளூர்ப் பக்கமெல்லாம் மயானக் கொள்ளை. அம்மா போனில் பம்பைச் சத்தம். "ஒண்ணும் கேக்கல, நாளைக்குப் பேசு." சின்ன வயதில் அங்காளம்மன் வேடக்காரரைப் பார்த்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்தது. இப்போது அந்தக் கண்ணில் புரை.

1977இல் இதே மார்ச் 10 ராத்திரிதான் இங்கே ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்குவதைப் பார்த்தார்கள். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். கிரகம் கிட்டே வரும் முன்பே நட்சத்திரம் சில நொடி மங்கியது. வளையம். வானூர்தியில் பறந்த அமெரிக்கக் குழுவுக்கும் அதே. அண்ணன் இதை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். அவர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்.

பகலில் எழுதினேன். நிஜமாகவே எழுதினேன், இரண்டு பக்கம். தாழ்வெப்பத்தில் ஏற்புத்திறன் ஏன் முடிவிலியாக ஏறாமல் ஓரிடத்தில் தட்டையாகிறது என்ற பகுதி. அசல் காந்த அணுவாக இருந்தால் குளிரக் குளிர ஏறிக்கொண்டே போகும், கடைசியில் எல்லாம் ஒழுங்காக வரிசைகட்டும். கலப்பு இணைதிறன் உள்ளதில் அப்படி நடப்பதில்லை. எலக்ட்ரான் உள்ளேயும் வெளியேயும் போய்வரும் வேகத்தில் திசை நிலைக்கவே நேரமில்லை. மூன்று-ப்ளஸ்ஸின் வான் விளெக் பங்கு வேறு, அதன் அடுத்த நிலை ஏறத்தாழ 480 கெல்வின் மேலே. துலியம் செலினைடு மட்டும் அடங்காது. அதன் இரண்டு நிலைகளுமே காந்தம், அதனால் மூன்று கெல்வின் பக்கம் ஒழுங்குபடுகிறது. விதிவிலக்கு. எல்லா இடத்திலும் ஒன்று இருந்துவிடுகிறது.

ஜெர்மேனியம் பற்றிய பத்தி நன்றாக வந்தது. சிலிக்கானுக்குப் பதில் கொஞ்சம் ஜெர்மேனியம். இடம் விசாலமாகிறது. யூரோப்பியம் இரண்டு-ப்ளஸ்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறது, காந்தம் நிலைக்கிறது. இடம் நெருக்கினால் மூன்று. அவ்வளவுதான், சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, அந்த அளவு இடத்துக்காக.

பிரிஸ்பில்ஸ்கி நட்சத்திரம் வேண்டும் என்று மறுபடி கேட்டேன். வெள்ளிக்கிழமையே கேட்டு அக்கா மறுத்தது. ப்ரபோசலில் இல்லை, தெற்கே தாழ்வாக இருக்கும், எட்டாம் அளவு மங்கல். இன்று என்ன நினைத்தாளோ, "நாற்பது நிமிஷம். அதுக்கு மேல கேக்காதே."

மார்ச் 11, திங்கள்

விடிந்து எழுதுகிறேன். கை நடுங்குகிறது, குளிரா டீயா தெரியவில்லை.

பார்த்தேன். செண்டாரஸில், அடிவானத்தில் இருந்து முப்பது டிகிரி. 1961இல் பிரிஸ்பில்ஸ்கி கண்டது. புகையால் நாற்பது நிமிடம் போதவில்லை, சிக்னல் ஒல்லி. ஆனாலும்! கோடு இல்லாத இடமே இல்லை. இரும்பைத் தேட வேண்டியிருக்கிறது. நியோடிமியம், பிரசியோடிமியம், ஹோல்மியம். எங்கள் லேப் அலமாரியில் குப்பி குப்பியாக எண்ணெயில் கிடப்பதெல்லாம் அங்கே வரிசையாக. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது துடிக்கிறது. 1978இல் கர்ட்ஸ் கண்டுபிடித்தார். எங்கள் நாற்பது நிமிடத்தில் மூன்று துடிப்பு கரைந்து கலந்துவிட்டது.

அக்கா ஒன்று சொன்னாள், தூக்கம் போயிற்று. இந்த வகை நட்சத்திரங்களில் நியோடிமியம் எவ்வளவு என்று ஒற்றை ப்ளஸ் கோட்டை வைத்து ஒரு கணக்கு, இரட்டை ப்ளஸ் கோட்டை வைத்து இன்னொரு கணக்கு. இரண்டும் ஒத்துவராது. முப்பது மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம். ஒரே தனிமம், ஒரே நட்சத்திரம். காரணம், அது எல்லா ஆழத்திலும் ஒரேபோல இல்லை. மேலே மெல்லிய அடுக்கில் குவிந்திருக்கிறது. அங்கே இரட்டை ப்ளஸ்தான் செழிக்கும்.

"ஒரே அடுக்குன்னு நினைச்சுக் கணக்குப் போட்டா தப்பு வரும்." இவ்வளவுதான் அவள் சொன்னது. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோபம் போய்விட்டது. முழுசாக இல்லை.

மதியம் தூங்கவில்லை. மெஸ்ஸில் சாமைச் சோறு. நல்லா இருந்தது, இடது பக்கமாக மென்றேன்.

மாலை மேற்கே பிறை. நூல் மாதிரிகூட இல்லை. மெஸ் அண்ணனின் மனைவி வாணியம்பாடிக்காரர். நாளை முதல் நோன்பு என்று வீட்டுக்குப் போக அவசரப்பட்டார். இன்னும் ஒரு டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டே போனார்.

ராத்திரி பத்து. தெளிவு. தயவுசெய்து இப்படியே இரு.

பன்னிரண்டரை. தெளிவு.

இரண்டு பத்து. வடக்கே இருந்து மேகம். நட்சத்திரம் அப்போதுதான் உச்சியைத் தாண்டியது. அக்கா ஒன்றும் பேசாமல் கன்சோலில் தலை வைத்துவிட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

மூன்றரை வரை மேகம். அண்ணன் வெளியே போய்ப் பார்ப்பதும் வருவதும். கடைசி முறை வந்து உட்காரவே இல்லை. நின்றபடி "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். எனக்குப் பல் வலி உச்சம். கிராம்பு தீர்ந்துவிட்டது.

நான்கு ஐந்துக்குக் கிழிந்தது. முதலில் அருந்ததி, பிறகு சப்தரிஷியின் வால், அதற்குப் பக்கத்தில் கோர் கரோலி. டோம் சுற்றும் சத்தம். கைடிங் பிடிக்க மூன்று நிமிடம். அக்காவின் விரல் தட்டச்சில் தடுமாறியது. நான் தோரியம்-ஆர்கான் விளக்கை மறந்துவிடாதே என்றேன். "தெரியும்!" என்று கத்தினாள். பிறகு ஸாரி.

4.14 முதல் எக்ஸ்போஷர். 4.33 இரண்டாவது. 4.52 மூன்றாவது. நடுவில் ஒரு துண்டு மேகம், எண்ணிக்கை பாதியாகி மறுபடி ஏறியது. 5.11 நான்காவது. அப்போதே கிழக்கு வெளுத்துவிட்டது. பாதியில் சூரிய வெளிச்சம் கலந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றாள், ஆனாலும் நிறுத்தவில்லை. 5.20 ஆகும்போது நாங்கள் மூவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் நகர்ந்தது எக்ஸ்போஷர் வினாடி எண் மட்டும்.

4129.7. இப்போது ஆழம். வெள்ளிக்கிழமைக் கோட்டை மேலே வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்றாவது எக்ஸ்போஷர்தான் நல்லது. நான்காவது குப்பை.

எனக்கு அழுகை வந்தது. தூக்கமின்மை. அக்கா பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல இருந்தாள்.

மாலை.

மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் ஒரு எண் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. 24.9.

யூரோப்பியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 5.67 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதுக்கு 11.24. மூன்றாவதுக்கு 24.9. மூன்றாவதுதான் அந்த ஏழில் ஒன்று. கோர் கரோலியின் மேற்பரப்பு பதினோராயிரம் டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டிலும் முதல் இரண்டும்தான் போகின்றன. யூரோப்பியத்தில் பெரும்பங்கு இரண்டு-ப்ளஸ், ஏழும் அப்படியே. நாங்கள் பார்த்த கோடு இரண்டாவதையும் இன்னும் விடாத சிறுபான்மையிடம் இருந்து வருவது. அவற்றிலும் உள்ளே ஏழு அப்படியே. மூன்றாவது அசையவில்லை.

என் கல்லில் 150 கெல்வின். மைனஸ் நூற்றிருபது டிகிரி. சூடே இல்லை. அங்கே அது போகிறது. சுற்றிப் பல்லேடியமும் சிலிக்கானும் நிற்பதால். அவற்றோடு பிணைகிற ஆற்றல் அந்த 24.9ஐ ஈடுகட்டிவிடுகிறது, கிட்டத்தட்ட சரிசமமாக. சரிசமமாக இருப்பதால்தான் கொஞ்சம் ஜெர்மேனியம், கொஞ்சம் குளிர், கொஞ்சம் அழுத்தம், எதற்கும் புரண்டுகொடுக்கிறது.

இதை அத்தியாயத்தின் முதல் பத்தியாகப் போடலாம். ரெஃப்ரீ நட்சத்திரம் எதற்கு என்பார். கைடு இன்னும் மோசமாகச் சொல்வார். போடுவேன்.

அக்காவிடம் சொன்னேன். நிறைய நேரம் யோசித்து, "அங்க பக்கத்துல யாருமே இல்லியே, வாயுதானே" என்றாள். ஆமாம் என்றேன். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் பழைய ஒரு மீட்டர் டோம் வரை நடந்தோம். 72இல் இருந்து நிற்கிறது. சந்தன மரம் ஒன்றைக் காட்டினாள், நான் வேறு எதையோ சந்தனம் என்று நினைத்திருந்தேன்.

இன்று இரவு அவள் மட்டும் பார்த்துக்கொள்கிறாள். நான் பெட்டி கட்டிவிட்டேன். பல் வலி குறைந்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, புதன்

ஏழே கால் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வரவில்லை. எட்டு என்கிறார் கடைக்காரர்.

ராத்திரி பாறையில் உட்கார்ந்து மெயில் அனுப்பினேன். நான்கு வரி. வர விருப்பம், ஆனால் அக்டோபருக்கு முன்னால் முடியாது, இணங்குமா என்று. இரண்டு முறை "ஸெண்டிங்" என்று நின்று மூன்றாவது முறை போயிற்று. அக்டோபர் என்று ஏன் எழுதினேன்? அதற்குள் அம்மாவின் அடுத்த கண்ணும் முடிந்திருக்கும். இல்லை, அதற்காக மட்டும் இல்லை. 69 கெல்வின் மேட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி உருக்க வேண்டும். ஆர்க்கில் உருக்கும்போது யூரோப்பியம் ஆவியாகிப் போய்விடும், கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும், எவ்வளவு கூடுதல் என்பதில்தான் எல்லாமே. டான்டலம் குழாயில் மூடி உருக்கிப் பார்க்கலாம். கைடிடம் காசு கேட்க வேண்டும்.

மாட்டேன் என்று எழுதிவிடுவார்களோ. எழுதட்டும்.

அம்மா: "கிளம்பிட்டியா?" கிளம்பிட்டேன். "பிரஷர் ஏறிக்கீதாம். நர்ஸம்மா சொல்லிச்சு. ஏறினா ஆபரேஷன் தள்ளிப்போடுவாங்களா?" தள்ள மாட்டாங்க, உப்பைக் குறை என்றேன். "நீ வந்து குறை."

அக்கா தூக்கக் கலக்கத்தோடு கேட் வரை வந்தாள். ராத்திரி தெளிவாம், ஏழு எக்ஸ்போஷர். கோடு மெலிய ஆரம்பித்துவிட்டதாம். பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள், பிரிஸ்பில்ஸ்கியையும். "இதை வெச்சு என்ன பண்ணப்போறே?" தெரியாது. ஹோல்மியம் கோடுகளை மட்டுமாவது அடையாளம் பிடிக்கலாம் என்றேன். "உன் தீசிஸ்?" அதையும்.

பஸ் வந்துவிட்டது. கீழே போக ஆலங்காயம், பிறகு வேலூர், அங்கிருந்து போளூர். ஜமுனாமரத்தூர் வழியாக மலையைக் குறுக்கே கடந்தும் இறங்கலாம் என்கிறார் கண்டக்டர், ஆனால் அந்தப் பக்கம் வண்டி எப்போது என்று அவருக்கே நிச்சயமில்லை. வேலூர் டிக்கெட் வாங்கிக்கொண்டேன். வேலூரில் இறங்கியதும் பல் டாக்டர், சொட்டு மருந்து, உப்பில்லாத பிஸ்கட்.